வெள்ளை அங்கியில் மஞ்சள் பொட்டு

டெலிபோன் அலறியது.

மொன்றியல் நகரத்தின் சென்ட் லோரன்ட் தையல் தொழிற்சாலையில் மெஷின்கள் இரையும்போது டெலிபோன் அடிப்பது யாருக்கும் கேட்பதில்லை. அன்று யோகமலருக்குக் கேட்டது.

கெட்ட செய்தி வரும் டெலிபோனுக்குத் தனிச் சத்தம்.

முதலாளி கை காட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய் ரிசீவரை வாங்கினாள்.

"மிஸஸ் ஸ்ரீதரன்? பொலிஸ் பேசுகிறோம். உங்கள் கட்டடத்தில் தீ. உங்கள் கணவர் எங்களிடம் இருக்கிறார்."

"அவருக்குக் காயமோ?"

"காயம் இல்லை. கைது."

பக்கத்து மெஷினிலிருந்து கனகமணி எழுந்து வந்தாள். அவளுக்கு வயது ஐம்பது. அவள் வாய்க்கு வயது இருபது.

"ஏன் பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு?"

"இவர் கட்டடத்துக்கு நெருப்பு வைச்சிட்டாராம் அக்கா."

"ஆர், உன்ர மனுசனோ? அந்தாள் தேத்தண்ணிக்கு அடுப்புப் பத்தவே உன்னைக் கூப்பிடுற ஆள்."

யோகமலரால் சிரிக்க முடியவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீதரனுக்கு அகதி விசாரணை. தீ வைத்தவன் என்று பெயர் விழுந்தால் திரும்பக் கொழும்புதான். எண்பத்துமூன்றில் அங்கே அவர்கள் வீட்டை எரித்தவர்கள் இன்னும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

இது எண்பத்தேழு. அதே ஆடி மாதம்.

எரிந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவனை, எரித்தவன் என்று பிடித்திருக்கிறார்கள்...

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பற்றிக்கின் மீசை பெரியது. பொறுமை சிறியது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கருகிச் சுருண்ட வெள்ளைத் துணி.

"மாடிப்படிக்குக் கீழே தீ. மண்ணெண்ணெயில் நனைத்த துணி. யாரும் சாகவில்லை, நல்லகாலம்." அவர் ஆங்கிலத்தில் பேசினார். "உங்கள் கணவர் வெள்ளிக்கிழமைகளில் வாசலில் ஏதோ கொளுத்துவாராமே?"

"கற்பூரம். சின்னத் துண்டு. சாமிக்கு."

"இன்று வெள்ளிக்கிழமை. துணி அவருடைய வேட்டி. சாட்சியும் இருக்கிறது."

சாட்சி எழுந்து தலை குனிந்து வணங்கினார். வாரிய தலை. பளபளக்கும் சப்பாத்து. கருநீல பிளேசர். அவர்கள் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர், பேனாட்.

"மிகவும் வருந்துகிறேன், மேடம். இந்தத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் படிக்குக் கீழே நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பாருங்கள், ஓரத்தில் மஞ்சள் கறை. எங்கள் வீட்டுத் துணியில் மஞ்சள் இருக்குமா?"

யோகமலர் குனிந்து பார்த்தாள். விரல் நுனி அளவு மஞ்சள்.

உண்மையிலேயே சமையல் மஞ்சள்தான்.

"உங்களுக்கு எங்களிலை ஏதும் கோபமோ?"

"கோபமா? சேச்சே." பேனாட் நெஞ்சில் கை வைத்தார். "ஒவ்வொரு இனமும் தன் தன் நாட்டில் பூத்துக் குலுங்க வேண்டும். அதுதான் என் ஆசை. உங்கள் கறி கூட எனக்குப் பிடிக்கும்."

பற்றிக் பெருமூச்சு விட்டார். "நாங்கள் முதலில் வெளிநாட்டவரை அடிக்கும் மொட்டைத்தலைப் பையன்களைத்தான் தேடினோம். பூட்ஸ், சங்கிலி, அந்தக் கூட்டத்தை. ஒருவனும் அந்தப் பக்கம் வரவில்லை. இவரோ கனவான்."

கனவான் பிளேசரைத் திறந்து, உள்பையிலிருந்து விசிட்டிங் கார்ட் எடுத்து நீட்டினார்.

"ஏதாவது உதவி தேவையென்றால் கூப்பிடுங்கள், மேடம்."

அந்த ஒரு கணம்...

உள்பையின் ஓரத்தில், லைனிங்கில், விரல் நுனி அளவு மஞ்சள்.

யோகமலர் கார்டை வாங்க மறந்தாள்.

போன வருடம் தொழிற்சாலைக்கு ஓர் ஓடர் வந்தது. நாற்பது வெள்ளை அங்கி. அகலமான கை. கூம்புத் தொப்பி. தொப்பியில் முகத்தை மூடும் துணி, அதில் இரண்டு ஓட்டை. பூட்ஸ் போட்ட மொட்டைத்தலைப் பையன் ஒருவன் வந்து எடுத்துப் போவான் என்றார் முதலாளி.

"சேர்ச்சிலை பாட்டுப் படிக்கிறவைக்குப் போல," என்று கனகமணி தீர்ப்புச் சொன்னாள்.

"கண்ணுக்கு ஏன் அக்கா ஓட்டை?"

"பாட்டுப் புத்தகம் பாக்க வேண்டாமே?"

சாமி காரியத்துக்குப் போகும் புது உடுப்பு. மஞ்சள் வைக்காமல் அனுப்பலாமா? கனகமணியின் கைப்பையில் எப்போதும் ஒரு குட்டிப் போத்தலில் குழைத்த மஞ்சள் இருக்கும். நாற்பது அங்கிகளின் கைமடிப்பிலும், உள்பக்கமாக, முதலாளி கண்ணில் படாமல் ஒரு பொட்டு. உடுத்துகிறவன் நன்றாக இருக்கட்டும்.

சில வாரம் கழித்து டிவிச் செய்தி. இருட்டில் ஒரு வயல். எரியும் சிலுவை. சுற்றிவர வெள்ளை அங்கிகள்.

"இஞ்ச பார் பிள்ளை, எங்கட தையல். என்ன வடிவா நிக்குது."

அது வெள்ளையர் அல்லாதவர்களை விரட்டும் கூட்டம் என்று யோகமலர் விளங்கப்படுத்திய பிறகு, கனகமணி அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அது ஒரு சாதனை.

இந்த வருடம் அதே பையன் மறுபடி வந்தான். அங்கி இனி வேண்டாமாம். இருபது கருநீல பிளேசர் வேண்டுமாம்.

கனகமணி அதற்கும் உள்பை ஓரத்தில் மஞ்சள் வைத்தாள்.

"இவங்களுக்குமோ அக்கா?"

"உடுப்பு என்னடி பாவம் செய்தது?"

"சேர், உங்களோட தனியக் கதைக்கவேணும்," என்று யோகமலர் பற்றிக்கிடம் திரும்பினாள்.

பற்றிக் சலிப்போடு அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். பையும் கூட வந்தது.

"சேர், வேட்டிக்குக் கை இருக்குமோ?"

"என்ன?"

"அந்தத் துணியை விரிச்சுப் பாருங்கோ."

அதுவரை யாரும் விரிக்கவில்லை. கற்பூரம் என்று கேட்டதுமே வழக்கு தானாக முடிந்துவிட்டது. பற்றிக் கையுறை மாட்டி, கருகிய சுருளை மெல்லப் பிரித்தார்.

ஒரு முழுக் கை. அகலமான கை. கைமடிப்பின் உள்பக்கத்தில் அதே மஞ்சள்.

யோகமலர் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது அங்கி. இருபது பிளேசர். கனகமணியின் போத்தல். பேனாட்டின் உள்பை.

பற்றிக் ரிசீவரை எடுத்தார். தொழிற்சாலைக்கு டெலிபோன் செய்தார்.

"இரண்டு ஓடரும் ஒரே ஆட்கள்தான்," என்றார் முதலாளி. "ஏன், தையல் பிழையோ?"

பற்றிக் திரும்பி வந்து புன்னகை செய்தார்.

"வெக்கையாக இருக்கிறது, மிஸ்டர் பேனாட். பிளேசரைக் கழற்றுங்களேன்."

கனவான் எப்படி மறுப்பார்? கழற்றி நாற்காலியில் போட்டார். பற்றிக் அதை எடுத்து ஆணியில் மாட்டும் சாக்கில் உள்பையைப் பார்த்தார். பிறகு கருகிய துணியை மேசையில் விரித்தார்.

"இதை அவர் இடுப்பில் கட்டியிருந்தார் என்றீர்கள். எப்படி என்று கட்டிக் காட்டுங்கள்."

பேனாட் துணியைப் பார்த்தார். கை அவரைப் பார்த்தது. வாரிய முடியில் ஒரு கற்றை நெற்றியில் விழுந்தது.

"இது... எங்கேயோ கிடந்த பழைய துணி... இதையெல்லாம் இப்போது யார் உடுத்துகிறார்கள்? நாங்கள் விட்டு ஒரு வருடம் ஆகி..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்சம் பிந்திவிட்டது.

ஸ்ரீதரன் வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வாசல் வரை வந்த பற்றிக் குரலைத் தாழ்த்தினார்.

"பிளேசரிலும் மஞ்சள் இருப்பது பேனாட்டுக்குத் தெரியாது. நீங்களும் உங்கள் தோழியும் வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். இன்னும் பத்தொன்பது பிளேசர் இந்த நகரத்தில் நடமாடுகிறது."

பஸ் தரிப்பில் ஸ்ரீதரன் மெல்லக் கேட்டான்.

"இஞ்சரும், இனிக் கற்பூரம் கொளுத்தலாமோ?"

"கொளுத்துங்கோ. அப்பிடியே தேத்தண்ணி அடுப்பையும் பத்தப் பழகுங்கோ."

அடுத்த வாரம் பெயரில் கரி படியாமல் அவன் விசாரணைக்குப் போனான். கேள்விக்குப் பதில் சொன்னான். தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தொழிற்சாலைக் கதவு திறந்தது.

அதே பையன்.

பூட்ஸ் இல்லை. மொட்டை இல்லை. வளர்ந்த முடியில் நேர் வகிடு, கழுத்தில் டை, முகம் நிறையச் சிரிப்பு. எல்லோருக்கும் ஒரு "போன்ஜூர்" வேறு. மொன்றியல் முழுவதும் அலைந்தும் இந்தக் கூலிக்குத் தைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

இந்த முறை இளநீலச் சட்டைகள். நெஞ்சில் ஒரு பட்ஜ் வைத்துத் தைக்க வேண்டும்.

முதலாளி மாதிரிப் பட்ஜை யோகமலரிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"என்னவாம் பிள்ளை எழுதியிருக்கு?" என்றாள் கனகமணி.

"அகதிகளுக்கு உதவும் நண்பர்கள் சங்கம்."

கனகமணி கொஞ்ச நேரம் அந்தப் பையனின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"இவங்களுக்குமோ அக்கா?"

"பின்னை? வேள்விக் கடாவுக்கும் மஞ்சள் தண்ணி தெளிச்சுத்தானே பிள்ளை வெட்டுறது."