நாற்பத்தொன்றாம் ஆள்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, முகம்கூடக் கழுவாமல் சாயா போட்டு ஊற்றிய பிறகுதான் ரத்னாபாய் கவனித்தாள். அடுக்களை மேடையில் மூன்று டம்ளர்களில் சாயா இருந்தது. வீட்டில் இருந்ததோ இரண்டு பேர்.

அவளேதான் ஊற்றியிருக்க வேண்டும். மூன்றிலும் ஒரே அளவு, ஒரே நுரை. வெளியே கரமனைப் பாலத்தில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போவதும், பக்கத்து வீட்டு மாம்பூ வெயிலில் வாடி மணப்பதும், முன்னறையில் புருஷன் சுவாமிதாஸ் பேப்பரைப் புரட்டுவதும் என்றைக்கும் போலத்தான் இருந்தன. மூன்றாவது சாயாவைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். தளர்ச்சிதான், வேறென்ன. கப்பலைவிட்டு இறங்கி இருபது நாளாகியும் காலடியில் தரை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ரத்னாபாய் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த டீச்சர். தென்துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவள், கொல்லத்துக்கு வடக்கே போனது இரண்டே தடவை. மகன் அஜீஷ் ஒரு சின்னக் கப்பலில் இன்ஜினியர். பனிக்கடலைச் சுற்றிக்காட்ட ஆட்களைக் கூட்டிப்போகிற கப்பல் அது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து முதல் பயணத்தில் ஒரு அறை காலியானது. "அம்மா, நீங்க போர்டுல வரைஞ்சதை ஒருக்கா நேருல பாக்கண்டாமா?" என்று போனில் கேட்டான். அவளையும் சுவாமிதாஸையும் சேர்த்து அந்தக் கப்பலில் நாற்பது பயணிகள்.

போகும்போது கடல் இரண்டு நாள் அவர்களைக் கட்டிலோடு சேர்த்து உருட்டியது. குடலில் ஒன்றும் மிச்சமில்லை. அதன்பிறகு இருட்டாத ராத்திரிகள் வந்தன. பன்னிரண்டு மணிக்கும் திரைச்சீலையின் ஓரத்தில் சாம்பல் நிற வெளிச்சம் கசிந்தது. கப்பலின் இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம், தலைமாட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பனிக்கட்டிகள் உரசி உரசிப் போய்க்கொண்டே இருந்தன. யாரோ நகத்தால் சுரண்டிக்கொண்டு கூடவே வருகிற மாதிரி. எட்டு நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை.

கடைசியாக இறங்கின தீவில் கறுத்த கல் கரை. திமிங்கிலம் பிடிக்கிறவர்கள் எந்தக் காலத்திலோ விட்டுப்போன பலகை வீடுகள், துருப்பிடித்த பெரிய கொப்பரைகள், சாய்ந்து நின்ற நாலைந்து மரச் சிலுவைகள். பென்குயின் எச்சத்தின் வீச்சம் மூக்கைவிட்டுப் போகவில்லை. அரைமணி நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. மாலுமிகள் அவசரப்படுத்தினார்கள். கடைசி ரப்பர் படகில் ரத்னாபாய் ஏறி உட்கார்ந்தபோது, பின்னால் முழங்கால் தண்ணீரில் யாரோ நிற்கிற சலசலப்புக் கேட்டது. சுவாமிதாஸ்தான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கையைப் பின்பக்கமாக நீட்டினாள். ஒரு கை பற்றியது. நனைந்த கை. கையுறையைத் தாண்டி, சதையைத் தாண்டி, எலும்புக்குள் போன குளிர். இழுத்து ஏற்றினாள். படகு ஒரு பக்கமாகத் தாழ்ந்து நிமிர்ந்தது.

அதற்கப்புறம்தான் பார்த்தாள். சுவாமிதாஸ் படகின் முன்பக்கத்தில், அவளுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

கப்பலில் ஏறினதும் மாலுமிகள் தலைகளை எண்ணினார்கள். நாற்பத்தொன்று. பட்டியலில் நாற்பது. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் நாற்பத்தொன்று. மூன்றாவது தடவையும் அதேதான். "லிஸ்டுல பெசகு காணும், அம்மா, நீங்க போயி கெடங்க" என்றான் அஜீஷ். நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். ஆள் குறைந்தால் தேடுவார்கள். கூடினால் யார் தேடுவார்கள்?

கையை நீட்டியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சாயா ஊற்றிய மறுநாள், பால் கொண்டுவருகிற பிந்து வாசலில் நின்று மலையாளத்தில் கேட்டாள். "டீச்சறே, விருந்துகாரு இதுவரெ போயில்லே? அர லிட்டர் கூடுதல் தரட்டே?"

"எந்த விருந்துகாரு?"

பிந்து அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தாள். சங்கடமாகச் சிரித்தாள். பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிறவர் அவர்கள் கையில் மூன்று புத்தகம் தந்தார். ரத்னாபாய் மூன்றாவதைப் பெஞ்சில் தன் இடது பக்கம் வைத்தாள். ஆராதனை முடிந்து பார்த்தபோது அந்தப் புத்தகம் உப்பிப்போயிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விரலில் ஈரம் பட்டது.

அன்றிலிருந்து அவள் எண்ண ஆரம்பித்தாள். ஓட்டலில் வைக்கிற தண்ணீர் டம்ளர்களை எண்ணினாள். ஆட்டோக்காரன் கண்ணாடியைத் திருப்பி எத்தனை பேரைப் பார்க்கிறான் என்று கவனித்தாள். எல்லோருக்கும் மூன்று. எண்ணி எண்ணிக் களைத்து, கண்ணை மூடினாலும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழிந்து ஒரு காலையில் பிந்து கால் லிட்டரைக் குறைத்து ஊற்றினாள். "ரெண்டு பேர்க்கு இது போதுமல்லோ, டீச்சறே."

ரத்னாபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. போய்விட்டது. எதுவாக இருந்தாலும் போய்விட்டது. அன்று மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் சுவாமிதாஸ் நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மாதத்தில் ஆறு வருஷம் மூத்தவர்போல இருந்தார். "ரத்னா, எதிர்வீட்டு வேலப்பன் எங்கிட்ட பெணங்கிட்டாரா?"

"என்னத்துக்கு?"

"மொகத்துக்கு நேரா நின்னு கூப்பிட்டேன். அந்தாலே போறாரு. கடையிலயும் அப்படித்தான். சர்க்கரை கேட்டு எத்தற நேரம் நிக்கியது!" அவர் குரலில் கோபம்கூட இல்லை. "வயசானா இப்படித்தானாக்கும்."

 பிந்து சொன்ன இரண்டு பேர். அதில் ஒன்று ரத்னாபாய். இன்னொன்று யார்?

அந்த வாரம் அஜீஷிடமிருந்து தபாலில் போட்டோ வந்தது. பயணம் கிளம்பின அன்று கப்பலின் மேல்தட்டில் எல்லோரையும் நிறுத்தி எடுத்தது. ஒரே மாதிரி ஆரஞ்சு நிறக் குளிர்ச்சட்டைகள். ரத்னாபாய் பென்சில் முனையை ஒவ்வொரு தலைமேலும் வைத்து எண்ணினாள். நாற்பது. இன்னொரு தடவை எண்ணினாள். நாற்பதேதான். மூச்சு விட்டாள். இரண்டாம் வரிசையில் தன்னைக் கண்டுபிடித்தாள். அவள் தோளோடு தோளாக நின்றவர் தொப்பித் துணியை முகம் மூட இழுத்து விட்டிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அன்று மழை இல்லை. அந்த இடத்தில் சுவாமிதாஸ் தொப்பி போடாமல் சிரித்துக்கொண்டு நின்றது அவளுக்கு நல்ல நினைவு.

அவர் போட்டோவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"நான் எங்க, ரத்னா?"

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நீட்டின கை. நனைந்த பிடி. எண்ணிக்கை. அவர் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவள் தலையை மெல்லத் தட்டினார். "அறியாமச் செஞ்சது. அழாத. நாளைக்கு ஐயரப் போயிப் பாப்போம்."

அவர்களுக்குக் கல்யாணம் நடத்திவைத்த ஐயர், ஞானையன் போதகர், பாறசாலையில் இருந்தார். எண்பது வயதுக்கு மேல், கண் கொஞ்சம் மங்கல். முன்னறையில் மூன்று நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நடுவில் ரத்னாபாய், அவள் வலப்பக்கம் சுவாமிதாஸ். இடப்பக்கத்து நாற்காலி காலி. காற்றில்லாத அறையில் கம்பிளி நனைந்தால் வருகிற வாடை லேசாக அடித்தது.

அவள் வாய் திறப்பதற்குள் போதகர் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார்.

"சுவாமிதாஸ், நீரு என்னவே, வந்ததுலேருந்து ஒண்ணும் பேசாம இருக்கீரு?"

"ஐயரே, நான் இங்க இருக்கேன்" என்றார் சுவாமிதாஸ், வலப்பக்கத்திலிருந்து.

போதகர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. "உடம்புக்குச் சொகமில்ல போல. வாரும், ஜெபம் பண்ணுகேன்" என்று எழுந்து வந்து, காலி நாற்காலியின் மேல் கையை வைத்தார். கை நாற்காலியின் முதுகுவரை இறங்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவரின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் நின்றது. விரல்கள் விரிந்து, வளைந்து, ஒரு தலையின் வடிவத்தில் படிந்திருந்தன.

அவர் ஜெபம் பண்ணி முடிக்கிறவரை ரத்னாபாய் புருஷனின் கையை விடவில்லை.

வெளியே வந்து சுவாமிதாஸ் பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தளர்ச்சியா இருக்கு. வீட்டுக்குப் போவோம், ரத்னா." அவ்வளவுதான் சொன்னார். சண்டை போடுகிற தெம்பு அவரிடம் இல்லை. அவளிடமும் இல்லை.

விடிந்தால் ஆற்றுக்கால் பொங்கலை, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற நாள். தம்பானூர் போகிற பஸ்ஸில் மண்பானையும் விறகுக்கட்டும் செங்கலுமாகப் பெண்கள் நெருக்கினார்கள். ஒன்றாக நிற்க இடமில்லை. அவள் முன்வாசலில் ஏறினாள், அவர் பின்வாசலில் ஏறினார். நெய்யாற்றின்கரைவரை தலைகளுக்கு நடுவே அவர் முகம் தெரிந்தது. அவள் திரும்பினபோதெல்லாம் கையைக் காட்டினார். அங்கே இன்னும் கூட்டம் ஏறியது. அதற்குமேல் தெரியவில்லை.

கண்டக்டர் வந்தான். "கரமனைக்கு ரெண்டு. பொறகுல ஒராளு உண்டு" என்றாள்.

"கண்டு, கண்டு. ஆளு முழுக்க நனஞ்ஞிட்டுண்டல்லோ" என்று டிக்கெட்டைக் கிழித்தான்.

மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

அவள் பின்னால் போகப் பார்த்தாள். பானைகள். தோள்கள். வியர்வை. வழியில்லை. "கேட்டீங்களா!" என்று கத்தினாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து பதில் இல்லை. பாப்பனங்கோடு. கைமனம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து வெளியே பார்த்தாள். அவர் இறங்கவில்லை.

கரமனை.

இறங்கினாள். தெரு ஓரமெல்லாம் நாளைக்கு அடுப்புக்கு அடுக்கின செங்கல். உச்சி வெயில். பின்வாசலைப் பார்த்து நின்றாள்.

சாம்பல் நிறச் சட்டை இறங்கியது. அவருடைய சட்டை. அவருடைய வேட்டி. அவருடைய செருப்பு. அவள் அருகே வந்து இடப்பக்கம் நின்றது. வேட்டிக் கரையிலிருந்து ஈரம் சொட்டித் தாரில் ஒரு வட்டம் பரவியது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார் வந்நல்லோ" என்று எதிர்க்கடைக்காரன் கையைத் தூக்கிச் சிரித்தான்.

பெல் அடித்தது. பஸ் நகர்ந்தது.

பின்பக்கக் கண்ணாடியில் சுவாமிதாஸ். வெறும் மார்போடு. இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவரை ஒட்டி நின்ற பெண் பானையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வேறொருத்தி கொட்டாவி விட்டாள். பஸ் பாலத்தில் ஏறியது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஒருவர்கூடத் திரும்பவில்லை.