அறுபத்தோரு ஆண்டு வறட்சி

சித்திரை முதல் நாள் காலை பத்து மணிக்கு இரட்டையாண்டை அறிவிப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் பேருந்துகள் ஓரமாக நிற்கும். தேநீர்க் கடைகளில் பேச்சு அடங்கிவிடும். "இந்த ஆண்டின் இரட்டை, இன்றிலிருந்து ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்து நானூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முந்தையது. ஐப்பசி மழை இயல்பு. கார்த்திகை இரண்டாம் வாரம் ஒரு புயல்" என்று ஒலிபெருக்கி சொல்லி முடித்ததும், கார்த்திகையில் கல்யாணம் வைத்தவர்கள் மண்டபத்துக்கு ஓடுவார்கள். படகுக்காரர்கள் மராமத்து வேலையை அந்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

இதற்கெல்லாம் மூலம் வங்கக் கடலின் அடிச் சேறு. கடல் மேற்பரப்பில் மிதக்கும் மணல் பருமனே உள்ள ஓர் உயிர், தன் சில வார வாழ்வில் அறை அறையாக ஒரு சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு செத்து அடியில் விழுகிறது. கடல் சூடாக இருந்தால் ஓட்டில் மெக்னீசியம் கூடும். மழை பெய்து கடல்நீர் நீர்த்திருந்தால் எடை குறைந்த ஆக்சிஜன் கூடும். மண்டபம் ஊரின் கடல் நிலையத்திலிருந்த ஓடுவாசிப்பான் கோடிக்கணக்கான ஓடுகளின் சுவர்களைப் படித்து, நாள்வாரியாக அடுக்கியது. நம் காலத்தை அச்சாக ஒத்த ஒரு பழங்காலத் துண்டை அதில் கண்டுபிடித்தார்கள். அன்று அடுத்து நடந்ததுதான் இன்றும் அடுத்து நடந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

அந்த நிலையத்தின் நான்கு வாசகர்களில் ஒருத்தி காளீஸ்வரி. இயந்திரம் அடுக்கியதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவள் வேலை. முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விளையும் கரிசல் ஊரில் பிறந்தவள். ஒருநாள் பிற்பகல், அடுக்கின் அடுத்த பகுதியைத் திறந்தபோது அவள் கை நின்றுவிட்டது. இன்னும் நான்கு ஆண்டில் வரப்போகும் காலத்தின் இரட்டையில், ஐப்பசி மழையின் தடம் பதிந்த மழை ஓடு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டிலும் இல்லை. எண்ணிக்கொண்டே போனாள். அறுபத்தோரு ஆண்டுகள் இல்லை.

மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு கையெழுத்திட்டாள்.

அரசு பதறவில்லை. நான்கு ஆண்டு முன்கூட்டியே தெரிந்ததே பெரிய கொடுப்பினை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இருநூற்றுப் பதினான்கு ஊர்களைக் காலி செய்து, கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பதினோரு மாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். மழையே இல்லாத மண் வெயிலுக்காவது உதவட்டும் என்று, கண்மாய்க் கரைகளை மட்டமாக்கிச் சூரியத் தகடுகள் பதித்தார்கள். மடைக் கற்களைப் பெயர்த்துச் சாலைக்குப் போட்டார்கள்.

காளீஸ்வரியின் அண்ணன் முனியசாமி மட்டும் மூன்றாம் ஆண்டுவரை அசையவில்லை. அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் அவள் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவள் நேரில் போய்ப் பேசினாள். அவர் முற்றத்தில் காய்ந்த குண்டு மிளகாயைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"மழ வராதுன்னு ஆரு சொன்னா?"

"கடல் சொல்லுதுண்ணே. அடிச் சேத்துல அம்புட்டும் எழுதியிருக்கு."

"அத ஆரு படிச்சது?"

"நாந்தேன். மூணு தடவ படிச்சுட்டுத்தேன் கையெழுத்துப் போட்டேன்."

அவர் கிளறுவதை நிறுத்தினார். மனைவி பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவ பாத்துருக்கான்னா அப்பறம் என்ன. சாமான்களக் கட்டு" என்றார்.

ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்தது. மாதம் ஒருமுறை காளீஸ்வரி போய்வந்தாள். முனியசாமி எதையும் குறை சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கீழே இறங்கி, வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரம் சிமென்ட் பெயர்ந்த ஒரு முழத் தரையில் போய் நிற்பார். வெயில் ஏறியதும் மேலே வருவார். நாளாக ஆகச் சாப்பாடு குறைந்தது. பேச்சு அதற்கு முன்பே குறைந்திருந்தது.

"உங்க அண்ணனுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லயாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் பஞ்சவர்ணம் ஒருமுறை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த காளீஸ்வரியிடம். "சும்மாவே இருந்தா மனுசன் இப்பிடித்தேன் கரைவானா?"

வறட்சியின் முதல் ஆண்டு சொன்னபடியே வந்தது. ஐப்பசியில் நாலு தூறலோடு வானம் வெளுத்துவிட்டது. நிலையத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டாம் ஆண்டு புரட்டாசிக் கடைசியில் முனியசாமி இறந்துபோனார். அந்த ஒரு முழத் தரையிலேயே உட்கார்ந்தபடி இருந்தாராம். காவலாளி கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஆள் அனுப்பினான்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து அவள் மண்டபம் நிலையத்துக்குத் திரும்பிய அன்று மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. ஒரு வாரம் வெறித்து மறுபடி பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆளில்லாத ஊர்களின்மேல் அவ்வளவும் பெய்தது.

நிலையத் தலைவர் வில்பிரட் ஜெயபாலன் அதை "விலகல் மழை" என்று அறிக்கையில் எழுதினார். காளீஸ்வரி அந்த அறிக்கையில் கையெழுத்திடவில்லை.

இயந்திரத்தில் பழுது இல்லை. அவள் வாசிப்பிலும் பிழை இல்லை. அப்படியானால் ஓடுகளைத்தான் கேட்க வேண்டும். பழைய சேறு மூவாயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது. அதே கடலில், ஆழம் குறைந்த ஒரு மேட்டின் உச்சியிலிருந்து எடுத்த சேற்றுக் குழாய் ஒன்று குளிர்கிடங்கில் யாரும் தொடாமல் கிடந்தது. அதை அறுத்து, அதே அறுபத்தோரு ஆண்டுகளைத் தேடிப் பிடித்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள்.

மழை ஓடுகள் இருந்தன. வெங்காயச் சருகு போல மெல்லிய, சின்னஞ்சிறு ஓடுகள். முதல் ஆண்டில் மட்டும் அரிதாக; அதற்கடுத்த ஒவ்வோர் ஐப்பசிக்கும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் திரள் திரளாக இருந்தன.

நடந்தது அவளுக்கு மெல்லப் புரிந்தது. மழைக்கால உயிர்கள் மெல்லிய ஓடு கட்டும். கோடைக்கால உயிர்களின் ஓடு தடிமன். அந்த அறுபத்தோரு ஆண்டுகள் ஆழ்கடலின் அடிநீர் மட்டும் சற்றே புளித்திருக்கிறது. அந்தப் புளிப்பில் மெல்லிய ஓடுகள் எல்லாம் கரைந்துபோய்த் தடித்தவை மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மழை பெய்யாமல் இல்லை. பெய்ததற்கான சாட்சிகள் கரைந்துவிட்டன. சாட்சி இல்லாததை அவள் மழை இல்லாதது என்று படித்துவிட்டாள்.

தலைவரின் அறைக்குப் போய் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இத வெளிய சொல்லணுமா, காளீஸ்வரி?"

"சொல்லணும் சார்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ரெண்டு லட்சம் பேரக் கிளப்பிக் கொண்டுபோயிருக்கோம். எதுக்காகன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். எங்கண்ணன் கேக்காமலே போயிட்டாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான் கீழ கையெழுத்துப் போட்டேன்" என்று முனகிவிட்டு, அறிக்கையை அவரே தட்டச்சு செய்தார்.

அறிக்கை வெளியானதும் கல் வீசுவார்கள் என்று காவல் போட்டார்கள். யாரும் வரவில்லை. குடியிருப்புகளிலிருந்து ஒரு மனு மட்டும் வந்தது. எண்பதாயிரம் பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். பழைய வாசிப்பே சரி, புதியதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காளீஸ்வரி அதை இரண்டு முறை படித்தாள். விட்டுவந்ததெல்லாம் வீண் என்று ஒத்துக்கொள்வதைவிட, அங்கே மழையே இல்லை என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. மனுவின் நாற்பதாம் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் பெயரும் இருந்தது.

மாசி மாதம் அவள் கம்பத்துக்குப் போய்ப் பஞ்சவர்ணத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரையை உருவினாள். கடைசியில், "நம்ம கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?" என்றாள்.

"அம்புட்டு மழக்கி வந்துருக்கும் மதினி. நான் இன்னும் போய்ப் பாக்கல."

"என்னயக் கூட்டிட்டுப் போ. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்."

மறுநாள் இருவரும் புறப்பட்டார்கள். பரமக்குடிக்கு மேல் பேருந்து இல்லை. தகடு துடைக்கப் போகும் ஊழியர் வண்டியில் இடம் கேட்டு ஏறினார்கள். நண்பகலில் ஊர் எல்லையில் இறங்கியபோது கரிசல் அரித்துப்போய்த் தரை வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. கண்மாய் இருந்த பள்ளத்தில் வரிசை வரிசையாகத் தகடுகள். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் மழையும் நிற்க இடமில்லாமல், மண்ணை வாரிக்கொண்டு, பெய்யப் பெய்யக் கடலுக்குப் போயிருந்தது. ஊர்க் கிணற்றில் பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள். தூர் தெரிந்தது. ஒரு மைனாகூட இல்லை.

பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இனி இந்த மண்ணுக்கு ஒன்றுதான் என்று காளீஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வராத வறட்சி இப்போது வந்துவிட்டது. கொண்டுவந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"மதினி, என்ன ஏசியாச்சும் விடுங்க" என்றாள்.

பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணுக்கு நிழல் பிடித்து நாலு பக்கமும் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"என்னத்துக்கு ஏச? அவுக இருந்து பாத்தாலும் ஒன்னயத்தேன் மெச்சுவாக. நீ சொன்ன மாதிரித்தான கெடக்கு."