மச்சான் பிடித்த கயிறு

சிலுவையின் இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் நனைந்திருந்தது.

வள்ளம் இன்னும் கரையை விட்டே நகரவில்லை. துண்டில் துடைத்தான், மணலில் தேய்த்தான், வெயிலில் நீட்டிப் பிடித்தான். மற்ற நான்கு விரலும் கருவாடாகக் காய, அதில் மட்டும் நகக்கண் வழியே உப்புத்தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

"வயசானா எங்கெங்கயோ ஒழுகும்பாவ மச்சான். எனக்கு விரல்ல ஒழுகுது."

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பர்னபாஸ் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துக்கம் என்று சிலுவை நினைத்துக்கொண்டான்.

பர்னபாஸ் அவன் மனைவி பிலோமினாவின் அண்ணன். சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளை அறுதலியாக்க எவனுக்குக் கை வரும்?

மகள் பிளாரன்ஸ் பிறந்தபோது சிலுவை ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தான். "பிள்ளை உடம்புங்கது ரெண்டு சம்பந்தி வீடும் சேந்து நடத்துத கல்யாணம்வே. வளைஞ்ச சுண்டுவிரலும் காதும் வாயும் நம்ம சீர். கண்ணும் கன்னக்குழியும் மச்சான் வீட்டுச் சீர். அம்புட்டுப் பேரும் சண்டை போடாம ஒத்துப்போனாத்தான் அது எந்திரிச்சு நடக்கும்."

ஏழு வருஷம் ஒத்துப்போனார்கள். நடந்தது, ஓடியது, அப்பனைப் போலவே மூச்சுப்பிடித்து எண்ணவும் பழகியது. போன மாதம் கரையோரம் தண்ணீருக்குள் தலையை முக்கி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அலை இழுத்துப்போனது. எட்டுப் பாகம் ஆழத்தில் கண்ணை மூடிக்கொண்டு சங்கு பொறுக்குகிற மகாசூரனுக்கு, இடுப்பளவுத் தண்ணீரில் சொந்த மகளைத் துழாவி எடுக்கத் தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு கவுனை வைத்துத்தான் புதைத்தார்கள்.

சங்கு விளைகிற பாரில் நங்கூரம் விழுந்தபோது சிலுவையின் காதிலும் தண்ணீர் ஊறியது. உள்ளே யாரோ எண்ணினார்கள். சின்னக் குரல். பிளாரன்ஸுக்கு நாற்பதுக்கு மேல் மூச்சு நிற்காது. இது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஆழத்துக்கு இழுக்கும் பாரக்கல்லில் காலை வைத்து இறங்கினான். பச்சை கறுத்தது. குளிர் காதை அழுத்தியது. அழுகிய பாசியின் வாடை, மூடிய மூக்குக்குள்ளேயே வந்தது. அடிமணலில் இடதுகையை நீட்டினான். சங்கு இல்லை.

சுண்டுவிரலில் இன்னொரு சுண்டுவிரல் கோர்த்துக்கொண்டது.

அதே வளைவு.

வலதுகையால் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். மேலே மச்சான் இருக்கிறார். மச்சான் விடமாட்டார். பிலோமினா வீட்டில் தனியாக இருக்கிறாள்.

கயிறு ஏறியது. விரலில் ஏழு வயசுப் பாரம் தொங்கியபடி கூடவே ஏறியது.

தலை வெளியே வந்தது. வெயில். பர்னபாஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகை இல்லை. கடல். அந்தக் கண் ஐம்பது வயசுக்காரருடையது இல்லை.

'மச்சான், தூக்கும்' என்று கத்தத்தான் வாயைத் திறந்தான்.

வாயும் அவன் கொடுத்த சீர்தானே.

"மாமா," என்றது வாய், கொஞ்சலாக. "கயித்த விடுங்க. எனக்கு அங்கன தனியா பயமா இருக்கு."

பர்னபாஸின் கன்னத்தில் குழி விழுந்தது. அவர் கை விரிந்தது.

பச்சை. கறுப்பு. விரல் விடவில்லை. பாதி வழியில், சிலுவையும் இறுக்கிக் கோர்த்துக்கொண்டான்.

காதுக்குள் எண்ணிக்கை நின்றது. பிறகு, அப்பனுக்காக முதலிலிருந்து தொடங்கியது.

ஒண்ணு.

ரெண்டு.