தண்ணீருக்காகச் சொன்ன சொல்

அப்பா எழுந்தார். பால் காய்ச்சினார். குந்தவைக்குத் தலை பின்னினார். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. இருவரும் இட்லி சாப்பிட்டார்கள். குந்தவை பள்ளிப் பையை மாட்டிக்கொண்டாள். வயலைப் பார்க்கப் போனார்கள்.

வயலைச் சுற்றிக் காப்பு கட்டுவது அம்மாவின் வேலை. வரப்பின்மேல் மஞ்சள் நூலை ஓட்டி, அதனிடம் ஒரு வார்த்தை சொல்வார். அறுவடை வரை நூல் அந்த வார்த்தையை விடாது. எலி வந்து மோதினால் பந்து போலத் திரும்பி விழும். இந்த வருடம் அம்மா இல்லை. அப்பா மதிவாணன் முதல்முறையாகக் கட்டியிருந்தார்.

விடிகாலையில்தான் மழை விட்டிருந்தது. பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. மடையைத் திறந்தாயிற்று. ஆனால் தண்ணீர் மடை வரை ஓடி வந்து, நூலில் முட்டித் திரும்பியது.

மேல் வயல் இருதயம்மாள் வரப்பில் வந்தார்.

"தம்பி, உன் வயல் வழியாத்தான் என் தண்ணியும் வடியணும். இன்னைக்கு வடியலைன்னா ரெண்டு பேர் பயிரும் அழுகிடும்."

"நூலை அறுத்துப் பார்த்தேன்க்கா. அரிவாள்தான் மழுங்குது."

"எலிக்குக் கட்டுன்னா காவேரிக்கே கட்டி வச்சிருக்கே."

குந்தவை மடையருகே உட்கார்ந்தாள். "நூல்கிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"எதுவும் உள்ள வரக் கூடாது. எதுவும் வெளிய போகக் கூடாது."

"அம்மா முதல் பாதி மட்டும்தானே சொல்வாங்க."

அப்பா தண்ணீரையே பார்த்தார். "இனிமே எதுவும் போக வேண்டாம்னு நெனச்சேன்."

இருதயம்மாள் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

குந்தவை யோசித்தாள். அம்மாவிடம் "போறேன்" என்று சொன்னால் வாசலைத் தாண்ட முடியாது. திரும்பக் கூப்பிட்டு, ஒழுங்காகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்.

அவள் நூலை இரண்டு விரலால் பிடித்தாள்.

"தண்ணிக்குப் பேச வராது. அதுக்காக நான் சொல்றேன். அது போகலை. போயிட்டு வருது. ஆடி மாசம் நீயே பாரு."

நூல் சற்று நேரம் அசையவில்லை. பிறகு மடைக்கு மேலே வில் போல வளைந்து எழுந்தது. தண்ணீர் அதன் அடியில் பாய்ந்து வாய்க்காலுக்கு ஓடியது. கூடவே ஒரு நண்டும் போனது. அந்த வழியே உள்ளே நுழையப் பார்த்த எலி, பந்து போலத் திரும்பி விழுந்தது.

"அந்த நண்டு சொல்லிக்கிட்டா போச்சு?" என்றார் இருதயம்மாள்.

"அதுக்கும் சேர்த்துத்தான் அத்தை சொன்னேன்."

பயிர் மெல்ல மெல்ல மேலே வந்தது. சாலையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அப்பா அவள் சடையைச் சரிசெய்தார். அது இன்னும் கோணலானது. அவர் கை சடையை விடவில்லை.

குந்தவை திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வர்றேன்ப்பா."