வீட்டுக்கு ஒருவர்

“அப்ப நான் போகாட்டி என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது அக்கா. அதுதான் பிரச்சினை.”

“ஒண்டும் நடக்காட்டி நல்லதுதானே. போன முறை நடந்ததே எனக்குக் காணும்.”

றஞ்சினி எண்ணெய்ச் சட்டியிலிருந்து ரோல்ஸ்களை அள்ளி வடிதட்டில் போட்டாள். அவளுடைய சிற்றுண்டிக் கடையின் வாசலில் ஆரணி நின்றுகொண்டிருந்தாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி, தரையில் சிறு குளமாகிக்கொண்டிருந்தது. வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. வடகடலோரத்து நூர்ஹாவன் நகரத்தில் அந்த மாதம் அப்படித்தான். இப்போது ஆறு தாண்டிவிட்டது. வாக்குக்கூடத்தை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

ஆரணி கைத்திரையை மறுபடியும் பார்த்தாள். ‘கிழக்குத்துறைத் தமிழர். வாக்களித்தோர்: 0.’

“போன முறை என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை?” என்றாள் றஞ்சினி. “பள்ளிக்கூடச் சாப்பாட்டு விசயம். வேலை முடிஞ்சு வாற வழியில சும்மா உள்ள போய் வேண்டாமெண்டு போட்டிட்டு வந்தன். அடுத்த நாள் செய்தியில சொல்லுறாங்கள், தமிழர் ஆறாயிரம் பேரும் ஒரே குரலில எதிர்ப்பாம். ஆர் அந்த ஆறாயிரம்? நான்! ஒற்றை ஆளா இந்தச் சட்டியோட நிக்கிற நான்! அண்டையிலயிருந்து என்ர மச்சாள் என்னோட கதைக்கிறேல்லை.”

“அவ கதைக்காட்டி உங்களுக்கு நிம்மதி எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

“அது வேற கதை,” என்றாள் றஞ்சினி. சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கண்ணில் பயம் அப்படியே இருந்தது.

அந்த ஆறாயிரத்தைச் செய்தது நிரப்பி என்ற இயந்திரம். நிரப்பியைச் செய்தவள் ஆரணி.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் அவள் கிழக்குத்துறையில் கதவு கதவாகத் தட்டி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள்: நீங்கள் ஏன் வாக்குப் போடுவதில்லை? மீன் ஆலையில் இரவு வேலை என்றார்கள். பேருந்து இல்லை என்றார்கள். வாக்குச்சீட்டு விளங்கவில்லை, போட்டும் என்ன கண்டோம் என்றார்கள். எல்லாவற்றையும் எழுதி நகரசபையிடம் கொடுத்தாள். பேருந்து விடுங்கள், வேலை மாறும் நேரத்தில் கூடத்தைத் திறந்து வையுங்கள், சீட்டைத் தமிழிலும் அச்சிடுங்கள் என்று கேட்டாள். கடைசி அத்தியாயத்தில், இவர்கள் எல்லோரும் வந்திருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும் என்று காட்ட ஒரு கணக்கையும் சேர்த்திருந்தாள். வந்த சிலரின் வாக்கை வைத்து, வராத பலரின் வாக்கை மதிப்பிடும் கணக்கு.

நகரசபைக்குப் பேருந்து பிடிக்கவில்லை. கணக்குப் பிடித்துவிட்டது. அவளைக் கொண்டே அதை ஒரு இயந்திரமாக்கி, சட்டமும் ஆக்கினார்கள். எந்தச் சிறுபான்மை இனம் குறைவாக வாக்களிக்கிறதோ, அதன் வராத வாக்குகளை இந்த ‘நிரப்பி’ நிரப்பும். வந்தவர்களில் முக்கால்வாசி ஆம் என்றால், வராதவர்களிலும் முக்கால்வாசி ஆம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். குறைந்தது நானூறு பேராவது வந்தால்தான் நிரப்ப வேண்டும் என்று ஆரணி ஒரு எல்லை வைத்திருந்தாள். அதை எடுக்கச் சொல்லிப் போராடியது தமிழ்ச் சங்கமேதான். நானூறு பேர் வராவிட்டால் எங்கள் குரல் போய்விடுமே என்றார்கள். எல்லை போய்விட்டது.

ஆனால், தன் சனத்தின் ஒரு பழக்கத்தை ஆரணி கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள். செத்தவீடு என்றால் வீட்டுக்கு ஒருவர் போனால் போதும். கலியாணம் என்றாலும் அப்படித்தான். ஒருவர் முகம் காட்டினால் எல்லோரும் வந்த மாதிரி. முதல் தேர்தலில் வீட்டுக்கு ஒருவர் போனார். அடுத்ததில் மாடிக்கு ஒருவர், அதற்கடுத்ததில் கட்டடத்துக்கு ஒருவர். போன முறை எல்லோருக்குமாக றஞ்சினி போனாள், அதுவும் தெரியாமல்.

இன்றைக்கு வாக்கெடுப்பு கடற்சுவரைப் பற்றியது. ஏறிவரும் கடலுக்கு எதிராகக் கிழக்குத்துறையைச் சுற்றிச் சுவரை நீட்டுவதா, அல்லது துறையைக் கடலுக்கு விட்டுவிட்டு, அங்கிருப்பவர்களை உள்நாட்டு ஊர்களில் ஆங்காங்கே பிரித்துக் குடியேற்றுவதா? மற்றவர்களின் வாக்கு ஏறத்தாழச் சரிபாதி. தமிழரின் ஆறாயிரம்தான் முடிவு செய்யும். ஒருவரும் போகாவிட்டால் நிரப்புவதற்கு நிரப்பியிடம் எதுவும் இல்லை. ஆறாயிரமும் பூச்சியம்.

“நீங்களே போய்ப் போடலாம்தானே?” என்றாள் றஞ்சினி.

“நிரப்பியைச் செய்த ஆக்கள் போடேலாது அக்கா. சட்டம்.”

“நல்ல சட்டம்.” றஞ்சினி அடுப்பை அணைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “எனக்குச் சுவர்தான் வேணும். கடை இஞ்சதானே இருக்கு. ஆனா என்ர ஒற்றைத் தலையில ஏத்தாதேங்கோ. இன்னொராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேர் எண்டாலாவது ஆர் என்ன போட்டது எண்டு சனம் கொஞ்சம் யோசிக்கும். ஏழரை மட்டும் கூடத்து வாசலில நிப்பன். ஒருத்தரும் வராட்டித் திரும்பி வந்திடுவன்.”

ஆரணி ஓடினாள்.

முதலில் தட்டியது சங்கத் தலைவர் கனகசூரியரின் கதவு. மனிதர் அன்பாக உள்ளே கூப்பிட்டார், தேநீரும் போட்டார். “எங்கட சார்பில றஞ்சினி போறாவே, பிள்ளை. பிறகென்ன? எல்லாரும் போனா அந்தச் சின்ன இடத்தில நெரிசல்தான்.” மூன்று தளம் தள்ளி இருந்த இளம் தம்பதி, “நாங்கள் போறதாத்தான் இருந்தம் அக்கா. ஆனா எங்கட வாக்கை நிரப்பி போட்டிடும்தானே?” என்று அவளுக்கே விளக்கம் சொன்னார்கள். இன்னொருவர் கதவைத் திறக்காமலே, கதவுக்கண்ணின் வழியாக, “வாழ்த்துகள் தங்கச்சி” என்றார். எதற்கு வாழ்த்து என்று அவளுக்கு விளங்கவில்லை.

கைத்திரை அதிர்ந்தது. றஞ்சினி. ‘எங்க நிக்கிறியள்? எனக்குக் குளிருது.’

மணி ஏழைத் தாண்டியிருந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில், வாகனங்கள் நிற்கும் இடத்தில், கடல்நீர் வந்து சளக் சளக்கென்று மோதிக்கொண்டிருந்தது. ஆரணிக்கு இப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கத் தட்டியவள், தன் வீட்டுக் கதவைத் தட்டவேயில்லை.

அம்மா சோபாவில் கால்களை நீட்டி இருந்தாள். அவளுக்கு மேலே, சுவரில், பழைய செய்தித்தாள் படமொன்று சட்டமிட்டுத் தொங்கியது: நிரப்பிக்குப் பக்கத்தில் சிரித்தபடி ஆரணி.

“அம்மா, வெளிக்கிடுங்கோ. வாக்குப் போடப் போவம்.”

“எனக்கேன் அது? என்ர பிள்ளை செய்த மிசின் போடும். அதுக்கு என்ர மனம் என்னை விட நல்லாத் தெரியும்.” வருகிற ஆட்களிடம் எல்லாம் பெருமையோடு சொல்கிற வசனம் அது.

“அதுக்கு உங்களைத் தெரியாது அம்மா. அதுக்கு றஞ்சி அக்காவைத்தான் தெரியும்.”

அம்மா கால்களைக் கீழே இறக்கினாள்.

“றஞ்சி சுவருக்குத்தானே போடுவாள்?”

“ஓம்.”

“எனக்குச் சுவர் வேண்டாம்.”

கதவு கதவாகக் கேள்வி கேட்டுத் திரிந்த ஆரணி, இந்த வீட்டில் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

“லிஃப்ட் நிண்டு எத்தினை மாசம்? நான் கடைக்குப் போய் எத்தினை மாசம்?” அம்மா குரலை உயர்த்தவில்லை. “ராவெல்லாம் கீழ தண்ணி அடிக்கிற சத்தம். உனக்கு இந்த இடம் வேணும், தெரியும். எனக்குத் தண்ணியில்லாத ஊர் வேணும்.”

“நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை.”

“நீ மிசினைக் கேப்பாய் எண்டு நினைச்சன்.”

கைத்திரை மறுபடி அதிர்ந்தது. ஆரணி பார்க்கவில்லை.

“சரி, நான் வந்து வேண்டாமெண்டு போட்டா என்ன ஆகும்?” என்றாள் அம்மா.

“மூவாயிரம் ஓம். மூவாயிரம் இல்லை.”

“வெட்டுப்பட்டுப் போகும்.”

“ஓம்.”

“அப்ப வந்தும் ஒண்டு, வராட்டியும் ஒண்டு. பிறகேன் என்னை இழுக்கிறாய்?”

ஆரணி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அம்மா வராவிட்டால் றஞ்சினி திரும்பிவிடுவாள், எல்லாம் பூச்சியம். அம்மா வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அதுவும் பூச்சியம். றஞ்சினியிடம் ஒரு பொய் சொல்லலாம். ஆள் வருகிறது, நீங்கள் உள்ளே போங்கள் என்று. சுவர் கிடைத்துவிடும். விரல் கைத்திரை வரைக்கும் போனது.

சோபா கிரீச்சிட்டது. அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போய், பனிச் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்கிறாய்? வாரைக் கட்டிவிடு. ரெண்டு பேர் எண்டால்தானே சரிபாதி? மூண்டாவது ஆள் வந்தால்?”

“ஆர் வருவினம் அம்மா? நான் எல்லாக் கதவும் தட்டியிட்டன்.”

“எல்லாக் கதவுமோ?”

அம்மா நடைகூடத்தைக் கடந்து எதிர்வீட்டுக் கதவின் முன்னால் போய் நின்றாள். அந்தக் கதவை அவர்கள் வீட்டில் யாரும் தட்டுவதில்லை. அங்கே இருக்கும் சறோ மாமியின் புருசன் செத்தபோது இவர்கள் வீட்டிலிருந்து, அப்போது உயிரோடிருந்த அப்பா மட்டும் போனார். வீட்டுக்கு ஒருவர், முறைப்படி. “நான் தேடினது உன்ர முகத்தை” என்று மாமி பிறகு ஒருநாள் படிக்கட்டில் வைத்து அம்மாவிடம் சொன்னாள். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

“அம்மா, மாமி சுவருக்கோ, வேண்டாமெண்டோ?” என்று ஆரணி மெதுவாகக் கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்?” என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. “அவளைக் கேட்டாத்தானே.”

மணியை அழுத்தினாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. கதவுக்கண்ணில் தெரிந்த நீல ஒளி மறைந்தது. யாரோ அந்தப் பக்கம் வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே தண்ணீர் மோதியது. ஏழு இருபது.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதவுக்கண்ணுக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

“சறோ, நான்தான். ஆரையும் அனுப்பேல்லை, நானே வந்திருக்கிறன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ எதைப் போட்டாலும் பறவாயில்லை. எங்களோட ஒருக்கா வாவன்.”