ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

அந்தத் தையற்காரப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. வெளியே மழை மேகம் கட்டியிருந்ததால் அப்போதே விளக்குப் போட வேண்டியிருந்தது. நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் இடம். முன்னால் கம்பி போட்ட ஒரு கவுண்டர், அதன் பின்னால் என் மேஜை, அதற்கும் பின்னால் பழைய பதிவேடுகள் அறை. இருபத்தாறு வருடங்களாக அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு.

கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார் அந்தப் பெண்.

"சார், இடுகாட்டுல ஒரு குழி நம்பர் பார்க்கணும். எப்படிக் கேட்கணும்னு தெரியல."

இப்படிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் ஆண்டு. ஆண்டு தெரிந்தால், அந்த ஆண்டின் பெயர்வரிசைப் புத்தகம். அதில் பெயருக்கு எதிரே ஒரு பக்க எண் இருக்கும். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் குழி எண். மூன்றே படிகள். பெயர் சந்தேகமா, தேதியைச் சொல்லுங்கள். தேதியும் மறந்துவிட்டதா, மழைக்காலமா வெயில்காலமா என்று சொன்னால் போதும். நிதானமாகத் தேடினால் கிடைக்காத மனிதர் இல்லை. அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

"என் தங்கச்சி சார். நாலு வயசு. காய்ச்சல்ல போயிட்டா. முப்பது வருஷமாச்சு. வியாழக்கிழமை இடுகாட்டோட மேற்குப் பக்கத்தை ரோட்டுக்கு எடுக்கிறாங்களாம். லிஸ்டுல நம்பர் இருந்தாதான் வேற இடத்துக்கு மாத்தித் தருவாங்களாம். இல்லேன்னா அப்படியே சமமாக்கிடுவாங்களாம்."

பெயரைச் சொன்னார்.

என் பேனா நின்றுவிட்டது.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். எங்கே இல்லை என்பதும் தெரியும்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஊருக்குள் வெள்ளம் வந்தது. இடுகாட்டில் நட்டிருந்த எண் பலகைகளை அடித்துக்கொண்டு போனது. எங்கள் பதிவேடுகளையும் நனைத்தது. நனைந்த இடுகாட்டுப் பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதும் வேலை எனக்கு வந்தது. நனைந்த தாள் அரைகுறையாகக் காயும்போது பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். விரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பக்க எண்ணைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மூலைகளைப் பூச்சி தின்றிருந்தது. நான் புரட்டியது ஒரு தாள் என்று நினைத்தேன். அவை இரண்டு. நடுவே இரண்டு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறு பேர்.

எழுதி முடித்து, கடைசிப் பக்கத்தில் 'ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டேன். பெயர்வரிசையையும் என் புதுப் பதிவேட்டிலிருந்தே தயாரித்தேன். பழையதைக் காகித ஆலைக்கு அனுப்ப வேண்டிய நாளன்று, கட்டுவதற்கு முன் சற்று நேரம் வராந்தா வெயிலில் வைத்தேன். வெயிலில் நன்றாகக் காய்ந்து, அந்த இரண்டு தாள்களும் தாமாகவே பிரிந்துகொண்டன.

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம். பொய்க் கையெழுத்துக்கு வேலை போகும் என்று பயம். மூடினேன். கயிற்றால் கட்டினேன். வண்டியில் ஏற்றினேன்.

"எங்கம்மா இங்க நிறைய தடவை வந்திருக்காங்க சார்" என்று தையற்காரப் பெண் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் தேடல் மனுக்கள். ஒவ்வொன்றிலும் 'பதிவு இல்லை' என்ற முத்திரை. அதன் கீழே என் கையெழுத்து.

அந்த அம்மாள் ஒன்பது வருடம் வந்தார், மாதத்தின் முதல் திங்கட்கிழமைகளில். குழந்தையைப் புதைத்த அன்று அவரும் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். இடம் தெரிந்த கணவரும் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் நான் பெயர்வரிசையை எடுத்து, வரிவரியாக விரலை ஓட்டி, இல்லாத பெயரைத் தேடிக் காட்டுவேன். அவர் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு கம்பிவழியே என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லாத்தான் தேடுறீங்க சார். அவதான் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டா."

"இதுல ஒரு விஷயம் புரியல சார்" என்று கடைசி மனுவை என் பக்கம் தள்ளினார் மகள். "இதுல போன மாசத் தேதி போட்டிருக்கு. அம்மா இறந்து ஏழு மாசமாச்சு. தேதியை மாத்திப் போட்டுட்டீங்களா?"

நான் தேதியை மாற்றிப் போடுவதில்லை.

கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் போட்ட நினைவில்லை. முத்திரையைத் தொட்டேன். விரலில் காயாத ஊதா மை ஒட்டியது.

அப்போது எங்கள் கடைநிலை ஊழியர் என் காதருகே வந்து குனிந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஆமை என்றுதான் கூப்பிடுவோம். குடிநீர்ப் பிரிவிலிருந்து எங்களிடம் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

"சார், அந்தம்மாவை எவ்வளவு நேரம்தான் உள்ள உக்கார வெப்பீங்க?"

"எந்தம்மா?"

"மாசாமாசம் வர்றாங்களே, மூக்குக்கண்ணாடியில நூல் கட்டினவங்க. தொப்பலா நனைஞ்சு வந்தாங்க, பாவம். நான்தான் ஸ்டூல் போட்டேன்." பிறகு சலித்துக்கொண்டார். "என்னை ஆமைங்கிறீங்க. நீங்க ஒரு பேரைத் தேட ஒன்பது வருஷமாம். அவங்களே சொல்றாங்க."

நான் எழுந்தேன்.

உள்ளே ஒரே ஒரு குண்டு பல்பு. அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகலாம். பழைய காகிதத்துக்கு ஒரு காய்ந்த வாசனை உண்டு, எனக்குப் பழகிய வாசனை. அன்று அது இல்லை. சேறும் ஈர மண்ணும் மணத்தன.

கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஈரத் தாளைத் தாளிலிருந்து மெல்லப் பிரிக்கும் சத்தம்.

நின்றேன். அதுவும் நின்றது.

இன்னும் ஓர் அடி வைத்தேன்.

ஸ்டூலில் யாரும் இல்லை. பலகை முழுக்க நீர். தரையில் அதைச் சுற்றி ஒரு சின்னக் குட்டை. ஸ்டூலின் மேல் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது.

அது என்ன புத்தகம் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் குற்றம் அதில்தான் இருக்கிறது. ஒரு மரணம் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. மருத்துவர் ஒரு சீட்டு எழுதுவார். நாங்கள் பதிவேட்டில் எழுதுவோம். இடுகாட்டில் குழி வெட்டுபவர் தன் நாட்குறிப்பில் தன் வசதிக்கு ஒரு வரி கிறுக்கி வைப்பார். ஒன்று தொலைந்தால் இன்னொன்றில் பிடிக்கலாம். அந்த நாட்குறிப்புகள் எங்கள் கீழ்த்தட்டில்தான் பத்திரமாக இருந்தன. வெள்ளம் வந்தபோது அவை இடுகாட்டுக் கொட்டகைப் பரணில் இருந்ததால் பிழைத்துக்கொண்டன. இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு நாள் குனிந்து எடுத்துக் காட்டியிருந்தால் போதும். காட்டினால், பதிவேட்டில் ஏன் இல்லை என்ற கேள்வி வரும்.

திறந்திருந்த பக்கத்தைப் படித்தேன். 'பெண் குழந்தை. சின்னக் குழி. மேற்குச் சுவர் ஓரம். 212.' பக்கத்தில் தகப்பன் பெயர்.

அந்த வரியின் கீழ் ஈரமாக ஒரு விரல் தடம்.

எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன். புத்தகத்தை மூடப் போனேன்.

பக்கம் தானாகப் புரண்டது.

அடுத்த பக்கத்தில் ஒரு வரியின் கீழ் தடம் விழுந்தது. என் கண் முன்னாலேயே விழுந்தது. பிறகு இன்னொரு வரியின் கீழ். மெதுவாக, நான் பெயர்வரிசையில் விரலை ஓட்டுவது போலவே, வரிவரியாக. எண்ணினேன். பதினொன்று.

"நல்லாத் தேடுங்க சார்."

கழுத்துக்குப் பின்னால், மூச்சே இல்லாத குரல்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருந்தது. புத்தகத்தை மூடினேன். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கீழ்த்தட்டில் சுவரோடு ஒட்டித் தள்ளினேன்.

வெளியே வந்து தாளைக் கொடுத்தேன்.

"இருநூற்றுப் பன்னிரண்டு. மேற்குச் சுவர் ஓரம். லிஸ்டுல நானே சேர்த்துடறேன்மா."

அவர் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா இருந்திருக்கணும் சார். நீங்க நல்லா இருப்பீங்க." கிளம்பியவர் திரும்பினார். "என் தங்கச்சி மாதிரி வேற யாராச்சும் விட்டுப் போயிருக்காங்களா சார்? அவங்க வீட்டுலயும் சொல்லிடலாமே."

உள்ளே சொட்டிக்கொண்டிருந்த நீர்ச் சத்தம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "இது ஒண்ணுதான்."

புதன்கிழமை அந்தச் சின்னக் குழியை இடம் மாற்றினார்கள். அன்றிரவு ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினேன். காலையில் கிழித்தேன். வியாழக்கிழமை இயந்திரம் வந்தது. மேற்குச் சுவர் ஓரத்தில் அது பதினோரு இடங்களின் மேல் போய் வந்துகொண்டிருந்தபோது, நான் மேஜையில் ஒரு பதிவேட்டுக்குப் புது அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். அட்டை கோணலாகிவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். மாலைக்குள் தரை சமமாகிவிட்டது என்று ஆமை வந்து சொன்னார்.

அந்த அம்மாள் இனி வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டதே.

அடுத்த மாதத்தின் முதல் திங்கள். காலை பத்து மணி. நல்ல வெயில். கவுண்டரின் கம்பிக்கு அப்பால் தாழ்வாரம் காலியாகக் கிடந்தது.

ஆமை உள்ளே நுழையும்போது ஒருக்களித்து நுழைந்தார். வழியில் நிற்பவர்களை இடிக்காமல் ஒதுங்கி வருவது போல.

"என்ன சார் இன்னைக்கு இவ்வளவு கூட்டம்?"

நான் காலித் தாழ்வாரத்தைப் பார்த்தேன். "எத்தனை பேர்?"

அவர் மோவாயை அசைத்து அசைத்து எண்ணினார். "பதினொண்ணு. அதுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. உடம்பெல்லாம் மண்ணு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, சத்தமே போடாம வரிசையா நிக்கிறாங்க."

"யாருய்யா அவங்களை வரிசையில நிக்க வெச்சது?"

"அந்தக் கண்ணாடிக்காரம்மாதான். ஒவ்வொருத்தருக்கா மனு எழுதிக் கொடுத்துட்டிருக்காங்க. உங்ககிட்ட எப்படிக் கேட்கணும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுமாமே."

கம்பியின் அடி இடுக்கு வழியாக, சேறு படிந்த ஒரு தாள் என் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தது.