வெறும் தட்டில் நடந்தவன்

குண்டசாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, ஓட்டோ பிடித்து மேட்டில் ஏறினால் எங்கள் பூச்சி ஆய்வு நிலையம் வரும். பழைய துரை பங்களா. இன்று காலையும் வழக்கம்போலத்தான் வந்தேன். வாசலில் பியூன் பாரூக் நானா குடையை உதறிக்கொண்டு நின்றார். "டொரதி மிஸ், மழ இன்டைக்கும் விடாது போல," என்றார். கையெழுத்து வைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் இந்த இருட்டறைக்குள் வந்துவிட்டேன். இங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

துரைமார் சாராயப் போத்தல்களைப் பூட்டி வைத்த அறையாம் இது. அதனால்தான் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. கருங்கல் சுவர், ஜன்னல் கிடையாது, ஃபோனும் வேலை செய்யாது. ஈர மரமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை எப்போதும் இருக்கும்.

தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுகளை இங்கே ஒரு கண்ணாடித் தட்டில் நடக்க விடுவோம். எள்ளளவு வண்டு. அதன் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் மேலேயிருந்து காமரா படம் எடுக்கும். தட்டில் எத்தனை உயிர், எந்தக் கால் எங்கே ஊன்றியது, எந்த மருந்துக்கு எந்தக் கால் இழுக்கிறது என்று கணினி கோடு போட்டுக் காட்டும். நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் நாலு மணிநேர வேலை நாசம். ஒருமுறை உள்ளே இருந்த மாணவன் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று தட்டி, எல்லாவற்றையும் கெடுத்தான். அன்றிலிருந்து சட்டம் போட்டோம். தாழ்ப்பாள் போட்டுச் சிவப்பு அட்டை தொங்கவிட்டால், உள்ளிருந்து தட்டினாலும் திறக்கக்கூடாது. பாரூக் நானாவுக்கு அதைத் திட்டித் திட்டிப் படிப்பித்தவள் நான்தான்.

அந்தக் கணினி நிரலை எழுதியவன் யோகராஜ். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் லொறி ஏறியதில் வலது கால் இழுக்கும். மூச்சிளைப்பு வேறு, எந்நேரமும் நெஞ்சில் கற்பூரத் தைலம் மணக்கும். நிரலைத் தன் நடையில்தான் முதலில் சோதித்தான். இடது காலுக்கு ஒரு புள்ளி, வலது காலுக்கு ஒரு நீளக் கோடு. "பாருங்க அக்கா, என் புரோகிராம் மொதல்ல என்னயத்தான் புடிச்சிருக்கு," என்று சிரித்தான்.

மூன்று வருட உழைப்பை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக்கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் தலைவர் ஹென்றி சேர் நீக்கச் சொன்னார். "அந்த இடத்துல என் பேரப் போடுங்க டொரதி," என்றார். என் நிரந்தர நியமனக் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அழித்தது என் கை.

யோகராஜ் கண்டுபிடித்துச் சத்தம் போட்டான். வெளிநாட்டுப் படிப்புக்கு அவனிடம் இருந்த ஒரே சான்று அந்தப் பெயர்தான். தன் மூலப் பிரதியை எடுக்க இருட்டறைக்குள் போனான். சேர் பின்னாலேயே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். "கொஞ்சம் சூடு ஆறட்டும்," என்றார்.

பகல் பதினொரு மணி.

அவன் தட்டினான். நான் எழும்பினேன். "ரெக்கோர்டிங் ஓடுது. உக்காருங்க," என்றார் சேர்.

உட்கார்ந்தேன், பாவி. மூன்று மணிக்குத் திறந்தபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. மூச்சிளைப்பு என்று எழுதி முடித்தார்கள். மரண வீட்டில் அவன் அம்மா பாலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள தட்டவே இல்லையாம்மா?" என்று கேட்டார். "கேக்கலங்கம்மா," என்றேன்.

பாலம்மா, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கேட்டது. ஒவ்வொரு தட்டும் கேட்டது.

வருடம் ஒன்று போனது. போன மாதம், வெளிநாட்டுக்காரர்களுக்கு நிரலைக் காட்ட சேர் ஒத்திகை வைத்தார். உள்ளே தட்டில் ஆறு வண்டு. வெளி அறையில் திரைக்கு முன்னால் நாங்கள் இருவர். திரை ஆறு என்று காட்டியது.

பிறகு ஏழு.

"தூசியா இருக்கும். வண்டெல்லாத்தையும் எடுத்துருங்க," என்றார். எடுத்தேன்.

வெறும் தட்டு. திரையில் ஒன்று.

அதற்கு ஆறு கால் இல்லை. இரண்டுதான். புள்ளி. நீளக் கோடு. புள்ளி. நீளக் கோடு. தட்டின் விளிம்பைத் தாண்டியும் அது நடந்தது.

சேர் முகம் வெளுத்தாலும் வீம்பு விடவில்லை. "காமரா கோளாறு," என்று எழுந்து உள்ளே போனார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. என் மேசை லாச்சியில் கிடந்த சிவப்பு அட்டை ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

"டொரதி! கதவத் தொறங்க!"

எழும்பினேன். என் பிடரியில் கற்பூரத் தைலம் மணத்தது.

"உக்காருங்க அக்கா," என்றது ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டே. "ரெக்கோர்டிங் ஓடுது."

பாரூக் நானா ஓடி வந்தார். "உள்ளுக்கு யாரோ தட்டுறாங்களே மிஸ்?"

"ரெக்கோர்டிங் நானா. தொடாதீங்க," என்றேன்.

பயத்தில் உளறிவிட்டேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். பொய். அவர் தட்டத் தட்ட எனக்கு இனித்தது. நன்றாய் வேணும் என்று மனம் குதித்தது. திரையில் ஒரு நடை சுற்றிச் சுற்றி ஓடியது. பின்னால் புள்ளியும் கோடும் அவசரமே இல்லாமல் போயின. ஓடிய நடை மூன்று மணிக்கு நின்றது. தாழ்ப்பாள் விலகியது. மாரடைப்பு என்று எழுதினார்கள்.

அவன் பழி தீர்ந்தது என்று நினைத்தேன். மிச்சம் இருந்த வேலையைச் செய்யத்தான் இன்று வந்தேன். மூலப் பிரதி இந்த அறைக் கணினியில்தான் இருக்கிறது. சற்றுமுன் யோகராஜின் பெயரை அதன் இடத்தில் திரும்பப் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். இப்படிப்பட்ட பொது நிரலில் யார் எந்த வரியைத் தொட்டார்கள் என்பது ஒருநாளும் அழியாது.

பெயரை நீக்கியவர்: டொரதி.

நீக்கச் சொன்னவர் என்று ஹென்றி சேர் பெயர் அதில் எங்குமே இல்லை.

மாதாவே, தைலம் மணக்கிறது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கை வலிக்கத் தட்டினேன். வெளியே பாரூக் நானாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"சிவப்பு அட்ட தொங்குது மிஸ்," என்றார், வேலை கெட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி. "தொட மாட்டேன். நீங்க பயப்படாம வேலையப் பாருங்க."

"நானா, தொறங்க! நானா!"

செருப்புச் சத்தம் தூரப் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து இதை அடிக்கிறேன், பாலம்மா. மணி பதினொன்று பத்து. காமராவின் வயரை நான் வந்த உடனேயே கழற்றிவிட்டேன். ஆனாலும் திரையில் இரண்டு என்று காட்டுகிறது. ஒன்று அசையாமல் இருக்கிறது, கதிரைக்குக் கீழே சேர்த்து வைத்த என் இரண்டு கால்கள்.

மற்றது கதவடியில் தொடங்கியது. புள்ளி, கோடு, புள்ளி, கோடு என்று வந்து, கடைசிப் புள்ளி என் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நிற்கிறது. வலது காலை இன்னும் இழுக்கவில்லை.